எண் இல்லாத சானல்

போன் அலறியது.

ஈப்போ நகரின் நடுவில், சுடரொளி கேபிள் டிவி நிறுவனத்தின் கட்டுப்பாட்டு அறை. ஏர்கோன் குளிருக்கு ஜாக்கெட்டை இழுத்து மூடிக்கொண்டு குமுதா போனை எடுத்தாள்.

"அக்கா... நான்தான் உடையப்பன்."

வெளிவேலை பார்க்கும் டெக்னிஷன். குரலில் மூச்சு இரைத்தது.

"என்னாச்சு? பீடோர் ரோட்டோரப் பெட்டிய தொறந்து பாத்தியா?"

"தொறந்துட்டேன் அக்கா. நீங்க சந்தேகப்பட்டது சரிதான். நம்ம லைன்ல எவனோ திருட்டுத்தனமா ஒரு வயர சொருகி வச்சிருக்கான். அதுல படம் போய்க்கிட்டு இருக்கு. டெஸ்டர்ல போட்டுப் பாத்தேன்... அக்கா, அது சினிமா இல்ல லா!"

"பின்ன?"

"கூண்டு அக்கா... கம்பிக் கூண்டு. உள்ள ரெண்டு பேரு பாராங் கத்திய வச்சு நெசமாவே வெட்டிக்கிறானுங்க! சுத்தி நின்னு கை தட்டுறானுங்க! ஐயோ... ஒருத்தன் கை... தனியா..."

உடையப்பன் வாந்தி எடுக்கும் சத்தம் கேட்டது.

"உடையப்பா, பெட்டிய மூடிட்டு உடனே கிளம்பு! போலீசுக்கு நான் சொல்றேன்."

"சரி அக்கா, இதோ..."

மோட்டார் சைக்கிள் ஒன்று உறுமிக்கொண்டு வந்து நின்றது.

"யாரோ வர்றாங்க... இருங்க அக்கா." பிறகு உடையப்பனின் குரல் மாறியது. ஆச்சரியம்! "அட, நீயா? நீ எங்க இந்தப் பக்கம்... டேய், கையில என்னா..."

சதக்!

அந்தச் சத்தத்தைக் குமுதா வாழ்க்கையில் கேட்டதே இல்லை. ஆனாலும் அது என்னவென்று அவளுக்குப் புரிந்தது.

ஓர் அலறல்... இன்னொரு சதக்... அலறல் பாதியில் கொழகொழத்து அறுந்தது.

"உடையப்பா! உடையப்பா!"

யாரோ போனைக் கையில் எடுத்தார்கள். சீராக, நிதானமாக மூச்சு விட்டார்கள். பிறகு போன் நசுங்கியது.

*

"கழுத்துல ரெண்டு வெட்டு. மூணாவது வெட்டு தேவையே இல்ல. ஆசைக்கு வெட்டியிருக்கான்."

இன்ஸ்பெக்டர் ரோய்ஸ்டன் தன் தொப்பியைக் கழற்றி மேசையில் வைத்தார். தலையில் பாதி நரை. மழையில் நனைந்த சட்டை. பீடோரிலிருந்து நேராக இங்கே வந்திருந்தார்.

உடையப்பனை அங்கே அனுப்பியது குமுதாதான்.

"அந்த வயரு?" என்று கேட்டாள்.

"உருவிட்டுப் போயிட்டான்."

"ஆனா படம் இன்னும் ஓடுது, இன்ஸ்பெக்டர். வேற எங்கயோ சொருகிட்டான். நம்ம லைன் பாரிட் புந்தார்லேர்ந்து பீடோர் வரைக்கும் ஓடுது. எங்க வேணா சொருகலாம்."

எதிர்ச் சுவரில் இருந்த டிவியைக் காட்டினாள். காலியான கம்பிக் கூண்டு. தரையில் ஈரச் சிவப்பு. யாரோ ஒருவன் ரப்பர் குழாயால் தண்ணீர் அடித்துக் கழுவிக்கொண்டிருந்தான்.

ரோய்ஸ்டன் சிலுவை போட்டுக்கொண்டார்.

"இத யாரு பாக்குறா?"

"தெரியல. ஒரு சானல ஆயிரம் வீடு பாத்தாலும் நாங்க ஒரே ஒரு தடவதான் அனுப்புவோம். வழியில இருக்கிற மெஷினுங்க நகல் எடுத்து, கேட்ட வீட்டுக்கு மட்டும் குடுக்கும். நீங்க ரிமோட்ட அமுக்குனா உங்க வீட்டுப் பெட்டி 'என்னையும் சேத்துக்க'ன்னு ஒரு சேதி அனுப்பும். அப்படிச் சேந்த பெட்டிங்கதான் ஒரு குரூப். சானலுக்கு ஒரு குரூப்."

"வாட்சப் குரூப் மாதிரி?"

"அதுல யாரு உள்ள இருக்கான்னு எல்லாருக்கும் தெரியும். இதுல அனுப்புறவனுக்குக்கூட தெரியாது. அவன் பாட்டுக்கு படத்த ஊத்துவான், யாரு ஏந்துறாங்கன்னு பாக்க மாட்டான். யாரச் சேக்கலாம், யாரு வெளிய நிக்கணும்னு பாத்துக்கிறது என் வேல. இந்த சானலுக்கு எண்ணே கிடையாது. என்னைக் கேக்காம எவனோ என் பாஸ்வேர்டுல பூந்து ஆளச் சேத்திருக்கான். எல்லாம் கள்ளப் பெட்டி. எந்த வீட்டுல தொங்குதுன்னு தோண்ட நாளாகும்."

"இப்ப நிறுத்த முடியுமா?"

"பாஸ்வேர்ட மாத்தி, அத்தன பேரையும் வெளிய தள்ளிக் கதவ சாத்தலாம்."

"சாத்துங்க."

குமுதா விசைப்பலகையைத் தட்டினாள்.

பேராக் மாநிலம் முழுவதும் எங்கெங்கோ, திரை இழுத்து மூடிய சில அறைகளில், டிவிகள் ஒரே நேரத்தில் கறுத்தன.

ரோய்ஸ்டன் ஒரு கோப்பிகூடக் குடித்து முடிக்கவில்லை. அதற்குள் குமுதாவின் கைப்பேசி அதிர்ந்தது.

தம்பியின் எண்!

"தனேஸ்? என்னாடா?"

பேசியது தனேஸ்வரன் இல்லை. துணியை வாயில் வைத்துப் பேசியது போல ஒரு கட்டைக் குரல்.

"வீடியோ அனுப்பியிருக்கேன். பாரு."

பார்த்தாள்.

நாற்காலி. அதில் கயிற்றால் கட்டுண்டு கிடந்தான் தனேஸ்வரன். நெற்றியிலிருந்து தாடை வரை ரத்தம். பக்கத்தில் முகமூடி போட்ட ஒரு தடியன், இரும்புத் தடியால் அவன் வயிற்றில் ஓங்கி அடித்தான்.

"அக்கா... தொறந்துவிடு அக்கா... அவங்க சொல்றத செய்..."

தடியன் தனேஸ்வரனின் கட்டைவிரலைப் பிடித்து மேசையில் வைத்தான். பாராங் உயர்ந்தது. படம் அறுந்தது. அலறல் மட்டும் மிச்சம் இருந்தது.

"ஒரு விரல் போச்சு," என்றது கட்டைக் குரல். "மிச்ச ஒம்பது உன் கையில இருக்கு. எங்க ஆளுங்கள திருப்பி உள்ள சேத்துவிடு. இன்னைக்கு பெரிய ஆட்டம். போலீசுக்குத் தெரிஞ்சா தம்பிய மூட்டையில அனுப்புவேன்."

போன் அணைந்தது.

குமுதா தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

அம்மாவும் அப்பாவும் தோட்ட லோரி கவிழ்ந்து ஒரே நாளில் போனபோது தனேஸ்வரனுக்குப் பால்பல்கூட விழவில்லை. சோறு ஊட்டியது அவள். பள்ளிக்கூடத்தில் கையெழுத்துப் போட்டது அவள். தம்பி ஒருவன் இருக்கிறான் என்று சொன்னதும் பெண் பார்க்க வந்தவர்கள் முகம் சுளித்தார்கள். அவர்களைத் திருப்பி அனுப்பியதும் அவள்தான். இப்போது அவன் கல்யாண வீடியோ எடுக்கிறான். தாலி கட்டும் நேரத்தில் மாப்பிள்ளையை விட்டுவிட்டு மேளக்காரரைப் படம் பிடிக்கிறவன். அவனைப் போய்...

"தொறக்கணும்," என்றாள்.

"தொறந்தா அந்தக் கூண்டுல இன்னொரு கொலை நடக்கும் அம்மா!"

"தொறக்காட்டி என் தம்பி கொலை!"

ஜன்னலுக்கு வெளியே, கீழே மாமாக் சாப்பாட்டுக் கடையின் டிவியில் பழைய பந்து விளையாட்டு ஓடிக்கொண்டிருந்தது. யாரோ கோல் போட, கடையே கத்தியது.

குமுதா மெதுவாகத் தலையைத் திருப்பினாள்.

"இன்ஸ்பெக்டர்... அந்த இடம் எதுன்னு தெரிஞ்சா போதும் இல்லையா?"

"தெரிஞ்சா இப்பவே உள்ள பூந்துருவேன்."

"நமக்குத் தெரியாது. ஆனா பேராக்ல எவனோ ஒருத்தனுக்கு அந்தச் செவுரு, அந்தக் கூரை தெரிஞ்சிருக்கும். எல்லாருக்கும் காட்டிருவோம்!"

"பைத்தியமா உங்களுக்கு? சின்னப் புள்ளைங்க பாக்குமே!"

"வீட்டுப் பெட்டிய தொட மாட்டேன். கடைப் பெட்டிங்க மட்டும். மாமாக் கடை, கோப்பிக் கடை, முடி வெட்டுற கடை, காடி ரிப்பேர் பண்ற பட்டறை. கட்டாயமா உள்ள இழுத்துப் போடுறேன். அந்த முகமூடிக்காரனுக்கு ஒண்ணுமே தெரியாது. அவனப் பொறுத்தவரைக்கும் அவன் ஆளுங்க மட்டும்தான் பாக்குறாங்க."

ரோய்ஸ்டன் தாடையைச் சொறிந்தார்.

"எதுக்கும் ஒரு வார்த்த உங்க முதலாளிகிட்ட..."

குமுதா முதலாளி பெரியநாயகத்தை அழைத்தாள். விஷயத்தைப் பாதி சொல்வதற்குள் அவர் பதறினார்.

"கடவுளே... தொறந்துவிடு குமுதா! உயிரு முக்கியம் லா. நான் பாரிட் புந்தார்ல ஒரு கல்யாணத்துல இருக்கேன். நீ எது செஞ்சாலும் எனக்குச் சம்மதம்."

கடைகளைப் பற்றி அவள் சொல்வதற்குள் வைத்துவிட்டார்.

குமுதா கதவைத் திறந்தாள். முதலில் கள்ளப் பெட்டிகள். பிறகு கடைகள்... ஈப்போ, பீடோர், பாரிட் புந்தார், தஞ்சோங் ரம்புத்தான்...

கீழே மாமாக் கடையில் பந்து விளையாட்டு மறைந்தது. கூச்சல் சட்டென்று அடங்கியது.

சுவர் டிவியில் கூண்டு. கூண்டுக்கு நடுவே நாற்காலி. நாற்காலியில் தம்பி!

இடம்: 'பாரிட் புந்தார் முதல் பீடோர் வரை எங்கு வேண்டுமானாலும் இருக்கலாம்' என்பது போன்ற ஒரு பழைய செங்கல் கட்டடம். கறுத்துப்போன சுவர். மேலே வரிசையாக மூங்கில் கழிகள்.

"தனேஸ்..." குமுதா டிவித் திரையைத் தொட்டாள்.

முகமூடித் தடியன் தனேஸ்வரனை நெருங்கினான். குனிந்தான்.

கயிற்றை அவிழ்த்தான்.

தனேஸ்வரன் எழுந்தான். சோம்பல் முறித்தான். துண்டால் முகத்து ரத்தத்தைத் துடைத்தான். தோலில் ஒரு கீறல்கூட இல்லை. மைக்கை வாங்கினான்.

அவன் கையில் பத்து விரலும் இருந்தன.

"மெம்பருங்களே, மன்னிச்சுக்குங்க!" தனேஸ்வரன் சிரித்தான். "சின்ன டெக்னிக்கல் கோளாறு. கதவ சாத்தினது எங்க அக்காதான். பாவம் லா, ரொம்ப நல்லது. நான் அழுதா போதும், எதையும் தொறந்துவிட்டுரும். பாஸ்வேர்டே அது தூங்குறப்ப எடுத்ததுதான்! அஞ்சு வெள்ளி காசுக்கு வாங்குன ஆட்டு ரத்தத்துல வேல முடிஞ்சிருச்சு!"

கூண்டைச் சுற்றி நின்றவர்கள் விசிலடித்தார்கள்.

குமுதா திரையை விட்டு ஓரடி பின்வாங்கினாள்.

"காலையில ஒருத்தன் நம்ம வயர நோண்டுனான்." தனேஸ்வரன் ஒரு பாராங்கை எடுத்துக் கேமராவுக்கு முன் ஆட்டினான். "அக்கா கூட வேல செய்யறவன். என் வீட்டுல வந்து சோறு தின்னவன். என்னைப் பாத்து சிரிச்சான் லா! இதாலதான் முடிச்சேன். மூணு வெட்டு!"

"ஜீசஸ்..." என்றார் ரோய்ஸ்டன்.

"இப்ப பெரிய ஆட்டம்! கூண்ட விட்டு ஓடப் பாத்தவனுக்கு என்னா கிடைக்கும்னு பாருங்க!"

இரண்டு பேர் ஓர் ஆளை இழுத்து வந்தார்கள். ஜெயபாலன் என்று கத்தி அவனைக் கேலி செய்தது கூட்டம். கைகளைச் சேர்த்துக் கட்டி, அவனை மேலே மூங்கில் கழியில் தொங்கவிட்டார்கள். தடியன் இரும்புத் தடியால் அவன் முழங்காலில் அடித்தான். எலும்பு முறிந்த சத்தம் மைக்கில் தெளிவாகக் கேட்டது.

கட்டுப்பாட்டு அறையில் எல்லா போன்களும் ஒரே நேரத்தில் அலற ஆரம்பித்தன!

"என்னா கண்றாவி போடுறீங்க?" "போலீச கூப்பிடுங்க!" "அந்த நாய நேர்ல பாத்தேன்னா..."

குமுதா ஒவ்வொன்றாக எடுத்தாள். எடுத்தாள். எடுத்தாள்.

"ஹலோ, டிவி ஆபீசா?" ஒரு பெண்ணின் உரத்த குரல். "முத்தம்மா பேசுறேன். தஞ்சோங் ரம்புத்தான் ரோட்ல சோத்துக் கடை வச்சிருக்கேன். அது எங்க ஹார்ட்வெல் தோட்டம் லா! ரப்பர் சீட்டுக்குப் பொகை போடுற வீடு! தோட்டத்த மூடுறவரைக்கும் அந்தக் கழியில சீட்டு மாட்டுனவ நான். என் கடைக்குப் பின்னாடி செம்பனைத் தோப்புக்குள்ள அஞ்சு நிமிசம் நடந்தா போதும்!"

"நல்லாத் தெரியுமா?"

"என் புருசன் பேர மறந்தாலும் அந்தச் செவுத்த மறக்க மாட்டேன்!"

குமுதா கடைப் பெட்டிகள் அத்தனையையும் குழுவிலிருந்து தூக்கினாள். கீழே மாமாக் கடையில் மறுபடியும் பந்து உருண்டது. கள்ளப் பெட்டிகள் மட்டும் பார்த்துக்கொண்டே இருக்கட்டும்!

"இன்ஸ்பெக்டர், நானும் வாரேன்."

"அங்க ரத்தக்களறி ஆகும்."

"அது என் தம்பி." குமுதாவின் குரல் உடைந்தது. "நான் வளத்தது."

*

போலீஸ் காடி செம்மண் தடத்தில் குதித்துக் குதித்து ஓடியது. முத்தம்மா சாலை முனையில் நின்று, கையில் இருந்த அகப்பையால் வழி காட்டினாள்.

செம்பனை மரங்களுக்கு நடுவே அந்தச் செங்கல் கட்டடம். தடித்த சுவர். உள்ளே போன் சிக்னல் நுழையாது; பேச வேண்டுமானால் வாசலுக்கு வர வேண்டும். வெளியே பேராக்கே கொதித்துக்கொண்டிருந்தது உள்ளே யாருக்கும் தெரிந்திருக்கவில்லை.

ரோய்ஸ்டன் கதவை உதைத்தார்.

"போலீஸ்! எவனும் அசையாத!"

எல்லோரும் அசைந்தார்கள்.

தடியன் முதலில் பாய்ந்தான். பாராங் ரோய்ஸ்டனின் தோளைக் கிழித்தது. ரத்தம் சுவரில் விசிறியது. ரோய்ஸ்டன் சரிந்துகொண்டே சுட்டார்.

டுமீல்!

தடியனின் முகமூடிக்கு நடுவே ஓர் ஓட்டை. அவன் கூண்டுக் கம்பியைப் பிடித்துக்கொண்டு, மண்டியிட்டு, மெதுவாகப் படுத்தான்.

மற்ற போலீஸ்காரர்கள் தடிகளோடு உள்ளே புகுந்தார்கள். பல் உடைந்தது. மூக்கு உடைந்தது. ஒருவன் ஜன்னல் வழியாக வெளியே குதித்தான். அங்கே முத்தம்மாவின் கடையில் சாப்பிட்டுக்கொண்டிருந்த லோரி டிரைவர்கள் காத்திருந்தார்கள். அவன் மறுபடியும் உள்ளே குதிக்கப் பார்த்தான்!

"அக்கா!"

கூண்டுக்குள்ளிருந்து ஒரு கத்தல்.

தனேஸ்வரன். கையில் பாராங். அதன் விளிம்பு, தொங்கிக்கொண்டிருந்த ஜெயபாலனின் தொண்டையில்.

"எல்லாரையும் வெளிய போகச் சொல்லு அக்கா! இல்ல, இவன அறுத்துருவேன்!"

குமுதா கூண்டுக்குள் நுழைந்தாள். கால் வழுக்கியது. கீழே என்ன இருக்கிறது என்று அவள் பார்க்கவில்லை.

"உடையப்பன் உனக்கு என்னாடா செஞ்சான்?"

"எந்த உடையப்பன்? எனக்கு ஒண்ணும் தெரியாது! என்னைக் கடத்திட்டாங்க அக்கா... என் விரல..." சட்டென்று கண்ணீர். நிஜக் கண்ணீர்!

அவன் சின்ன வயதில் காய்ச்சலில் அழுததும் இப்படித்தான். குமுதாவின் நெஞ்சு ஒரு கணம் இளகியது. கை தானாக அவன் பக்கம் நீண்டது.

பிறகு அந்தக் கையை இழுத்துக்கொண்டாள்.

"பத்து விரலையும் பாத்தேன்டா."

"பொய்! நீ எப்படி பாத்திருப்ப? மெம்பருங்களுக்கு மட்டும்தான அனுப்புனேன்!"

"அனுப்புறதோட உன் வேல முடிஞ்சிருச்சு. யாருக்குப் போய்ச் சேரணும்னு முடிவு பண்றது நான். பேராக்ல இருக்கிற அத்தன கோப்பிக் கடையும் உன்னைப் பாத்துச்சு. மூணு வெட்டுன்னு நீயே சொன்னத கேட்டுச்சு!"

தனேஸ்வரனின் கண்ணீர் நின்றது. குழாயை மூடியது போல நின்றது.

"உன்னை அப்பவே தலகாணி வச்சு அமுக்கியிருக்கணும்," என்றான்.

பாய்ந்தான்!

குமுதா விலகினாள். போதவில்லை. பாராங் அவள் முன்கையைப் பிளந்துகொண்டு போனது. எரிந்தது. விழுந்தாள். அவன் மறுபடியும் ஓங்கினான்...

மேலே தொங்கிக்கொண்டிருந்த ஜெயபாலன், உடையாத காலால், இருக்கிற பலம் அத்தனையையும் சேர்த்து உதைத்தான். அடி தனேஸ்வரனின் காதில் விழுந்தது. அவன் தள்ளாடினான்.

குமுதாவின் கைக்கு அகப்பட்டது ஒரு கேமரா ஸ்டாண்டு. மூன்று கால் இரும்பு. எழுந்தாள். சுழற்றினாள்.

முதல் அடி மணிக்கட்டில். பாராங் பறந்தது.

இரண்டாவது தாடையில். பற்கள் தெறித்தன.

மூன்றாவது அடிக்கு ஓங்கியபோது ரோய்ஸ்டன் பின்னாலிருந்து பிடித்துக்கொண்டார்.

"போதும் அம்மா. மூணாவது தேவையில்ல."

ஸ்டாண்டு கீழே விழுந்தது. குமுதா அழுதாள். ஜெயபாலனைக் கழியிலிருந்து இறக்கினார்கள். தனேஸ்வரனுக்கு விலங்கு மாட்டினார்கள். "அக்கா, வலிக்குது," என்று உடைந்த வாயால் முனகினான். இந்தத் தடவை அது நிஜம். அவள் திரும்பிப் பார்க்கவில்லை.

"இவன் ஒருத்தனால இவ்வளவு செய்ய முடியாது," என்றார் ரோய்ஸ்டன், தோளில் துணியை அழுத்திக்கொண்டு. "பின்னாடி பெரிய கை இருக்கு. வாயத் தொறக்க வைக்கணும்."

"வாய்தான் இல்லையே இப்ப," என்றாள் குமுதா கசப்பாக.

கட்டடத்துக்கு வெளியே வந்து மூச்சு வாங்க நினைத்தாள். வாசற்படியிலேயே சாய்ந்து உட்கார்ந்தாள். சிக்னல் கிடைத்ததும் கைப்பேசி அடித்தது.

முதலாளி பெரியநாயகம்.

"குமுதா! கேள்விப்பட்டேன் லா... இப்பதான் ஒருத்தர் சொன்னாரு. நீ நல்லா இருக்கியா?"

"நல்லா இருக்கேன் சார்."

போனுக்குள், பெரியநாயகத்தின் மூச்சுக்குப் பின்னால், ஒரு பெண் குரல் மெல்லியதாகக் கேட்டது.

'...நல்லா இருக்கேன் சார்.'

குமுதா நிமிர்ந்தாள்.

"சார்... எங்க இருக்கீங்க?"

"அதான் சொன்னேனே, பாரிட் புந்தார். கல்யாண மண்டபத்துல."

'...சார்... எங்க இருக்கீங்க?' என்றது அந்தக் குரல்.

அவளுடைய குரல்!

குமுதா மெதுவாகத் தலையைத் தூக்கினாள். வாசலுக்கு மேலே, உத்தரத்தில் கட்டியிருந்த இன்னொரு கேமரா. அதில் சிவப்பு விளக்கு எரிந்துகொண்டிருந்தது. மைக்கை யாரும் அணைக்கவில்லை. கடைகளை அவள் எப்போதோ நீக்கிவிட்டாள். இந்தப் படம் இப்போது போவது கள்ளப் பெட்டிகளுக்கு மட்டும்தான்!

"காயம் பட்ட கைய உடனே ஆஸ்பத்திரியில காட்டு," என்றார் பெரியநாயகம் கனிவாக. "வலது கை வேற."

குமுதா ரோய்ஸ்டனைக் கைகாட்டி அழைத்தாள். போனை அவர் காதருகே பிடித்தாள். பிறகு கேமராவை நேராகப் பார்த்து, ரத்தம் சொட்டும் வலது கையை உயர்த்தி ஆட்டினாள்.

போனில் ஒரு நாற்காலி கவிழும் சத்தம்.

"எழுந்திருக்காதீங்க சார்," என்றாள் குமுதா. "அடுத்த நிகழ்ச்சி உங்க வீட்டுலேர்ந்துதான்... நேரலை!"